4418ஆம் மோட்டாரின் தாள்

'பேக்கப் வெற்றி' என்று என் போனுக்குச் செய்தி வந்தபோது மணி ஏழு இருபத்தொன்று. காரமடையில் என் வீட்டுச் சமையலறையில் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணால் முதல் வரியைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டாவது வரியையும் படித்திருக்கலாம். படித்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை, அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது என்பது எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

இரண்டாவது வரி இதுதான்: நகலெடுத்த கோப்புகள் 0. நீக்கிய கோப்புகள் 4,12,306.

நான் ஹாரிகா. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பதிலிருந்து சர்வரைக் கட்டிக் காப்பது வரை எல்லாம் என் தலையில்தான். போர்வெல்லுக்குள் இறக்கும் தண்ணீர் மோட்டார் செய்கிறோம். ஒவ்வொரு மோட்டாரையும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, கரண்ட் கசிகிறதா என்று மெக்கர் என்கிற மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவோம். பார்க்கிற வேலை அப்புசாமியண்ணனுடையது. முப்பது வருடமாக அவர்தான் பார்க்கிறார். பார்த்த அளவை டெஸ்ட் பெட் என்கிற சோதனை மேடையில் இருக்கிற கம்ப்யூட்டரில் அடிப்பார். அது ஒரு தாளாகச் சர்வரில் போய் உட்காரும். மோட்டாருக்கு ஒரு தாள்.

அன்றைக்கு அந்த நாலு லட்சத்துச் சொச்சம் கோப்புகளில் ஒரே ஒரு தாள் வேண்டியிருந்தது. 4418ஆம் மோட்டாரின் தாள்.

அந்த மோட்டார் வெள்ளகோவில் பக்கம் சென்னியப்பன் என்ற விவசாயியின் போர்வெல்லுக்குள் இறங்கியது. இறங்கி மூன்றாம் வாரம், தண்ணீர் திறக்கும் கேட்வால்வைத் திருப்பப் போனவரைக் குழாயோடு சேர்த்துக் கரண்ட் பிடித்துக்கொண்டது. பிழைத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மோட்டாரைத் தூக்கிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே செப்புக் கம்பி சுற்றிய வைண்டிங்குக்குள் தண்ணீர். இப்போது கேள்வி ஒன்றுதான். எங்கள் கம்பெனியிலிருந்து போகும்போதே அது கோளாறோடு போனதா, இல்லை சென்னியப்பன் இறக்கும்போது ஒயர் ஜாயிண்டைச் சரியாகப் போடாமல் கெடுத்தாரா? திங்கட்கிழமை மூன்று மணிக்கு, மோட்டாருக்குத் தரச்சான்று கொடுக்கும் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து விசாரிப்பதாக ஏற்பாடு.

தாள் இருந்தால் கம்பெனிக்கும் அப்புசாமியண்ணனுக்கும் கவலையில்லை. தாள் இல்லை என்றால் அப்புசாமி வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று ஓனர் போன வாரமே சொல்லிவிட்டார். பார்க்காமல் அனுப்பியவர் என்ற பெயரோடு ஐம்பத்தெட்டு வயதில் அவர் வேறு எங்கே போய் நிற்பார்? 'தாள் இருக்குதுங்க, அம்மணி எடுத்துக் குடுத்துரும்' என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அம்மணி என்றால் நான்தான். ஆயுத பூஜை வேலையில் நான் அதை எடுத்து வைக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் எடுத்தால் போச்சு என்று இருந்துவிட்டேன்.

எங்கள் ஓனர் பாலகோபால் ஆயுத பூஜையை அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. லேத்து, பிரஸ், காற்றாடி, டீ போடுகிற பாய்லர் எல்லாம் அணைந்து ஓய்வெடுக்க வேண்டும். இந்த வருடம் சர்வருக்கும் சேர்த்துத்தான். எங்களிடம் இரண்டு பேக்கப் டிஸ்க் உண்டு. ஒன்று சர்வர் ரூமில், இன்னொன்று ஓனர் வீட்டு பீரோவில். இங்கே தீப்பிடித்தாலும் அங்கே ஒன்று மிஞ்சட்டும் என்று நான்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தேன். வெள்ளிக்கிழமை பூஜைக்கு அவர் அந்த இரண்டாவது டிஸ்க்கையும் கொண்டுவந்துவிட்டார். ஆயுதம் என்றால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமாம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு இரண்டுக்கும் சந்தனம் வைத்தேன். அந்தக் கையை இப்போது என்ன செய்வது?

பூஜை முடிந்து திறப்பது திங்கட்கிழமை. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். நான் வருவதே ஒன்பதுக்கு. எனவே ஓனர் ஆறே முக்காலுக்கே வந்து, நல்ல நேரம் போவதற்குள் எல்லா மிஷினையும் தன் கையால் போட்டுவிட்டார். சர்வர் ரூமில் இரண்டு பெட்டி இருக்கின்றன. ஒன்று சர்வர். பக்கத்தில் இருப்பது டிஸ்க்குகள் உள்ள ஸ்டோரேஜ் பெட்டி, கோப்புகள் எல்லாம் அதற்குள்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாலை போட்டிருந்ததால் ஒரே பெட்டி என்று நினைத்துச் சர்வரை மட்டும் போட்டார். அதோடு விட்டாரா? ஆயுதம் எல்லாம் ஒன்றாகத் தொடங்கட்டும் என்று இரண்டு பேக்கப் டிஸ்க்கையும் எடுத்து மாட்டினார்.

மிச்சத்தை என் கட்டளை செய்தது. ஒரே வரிக் கட்டளை. சர்வரில் இருப்பதை அப்படியே பேக்கப் டிஸ்கில் நகலெடு, சர்வரில் இல்லாதது டிஸ்கில் இருந்தால் அதை நீக்கு. பழைய குப்பை சேருகிறதே என்று அந்த 'டெலீட்' என்ற சொல்லை மூன்று வருடத்துக்கு முன் நான்தான் சேர்த்தேன். ஸ்டோரேஜ் பெட்டியை எங்களுக்குப் போட்டுக் கொடுத்த அப்துல் நாசர் அண்ணன் அப்போதே சொன்னார், சர்வர் காலியாக இருந்தால் எதையும் தொடாமல் நின்றுவிடு என்று மேலே ஒரு வரி போடச் சொல்லி. போடுகிறேன் அண்ணா என்றேன். சர்வர் எப்படிக் காலியாகும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்போதும் அந்தத் திமிர் உண்டு.

ஸ்டோரேஜ் பெட்டி அணைந்திருந்ததால் சர்வர் கண்ணுக்குக் கோப்புகள் எதுவும் தெரியவில்லை. தவறிப்போன பேக்கப்பை மிஷின் எழுந்ததும் எடு என்றும் நானே சொல்லி வைத்திருந்தேன். அது சொன்ன பேச்சைக் கேட்டது. இங்கே ஒன்றும் இல்லை, அங்கேயும் ஒன்றும் இருக்கக் கூடாது என்று இரண்டு டிஸ்க்கையும் பதினொரு நிமிடத்தில் துடைத்து வைத்துவிட்டு எனக்கு வெற்றிச் செய்தி அனுப்பியது.

ஒன்பது மணிக்கு நான் போய் ஸ்டோரேஜ் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியாது. டிஸ்க் சுற்றும் சத்தத்துக்குப் பதிலாக 'டக், டக்' என்று ஒரு சத்தம் வந்தது. உள்ளே நாலு டிஸ்க். ஒன்று போனால் தாங்கும், இரண்டு போனால் எல்லாம் போகும். ஒன்று ஆடி மாதமே போய்விட்டது. ஆடியில் புதுசாக எதுவும் வாங்க வேண்டாம் என்றார் ஓனர். ஆவணி பிறந்ததும் நான் மறந்துபோனேன். ஆறு வருடம் நிற்காமல் ஓடியவை மூன்று நாள் படுத்ததும், இன்னொன்று எழுந்திருக்கவே இல்லை.

சரி, பேக்கப் இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். தைரியமாகவே போய் டிஸ்க்கைத் திறந்தேன். காலி. இரண்டாவதைத் திறந்தேன். அதுவும் காலி. அப்புறம்தான் போனை எடுத்து அந்த இரண்டாவது வரியைப் படித்தேன். உடனே நாசரண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. இரண்டு டிஸ்க்கின் ஒயரையும் உடனே பிடுங்கச் சொன்னார். அழித்த கோப்பு உடனே செத்துப்போவதில்லை, அதன் மேல் வேறு எதையாவது எழுதினால்தான் சாகும், ஒரு எழுத்துக்கூட எழுதாதே, தொடாதே என்றார். தான் பொள்ளாச்சியில் இருப்பதாகவும் பதினொன்றரைக்கு வந்துவிடுவதாகவும் சொன்னார். வைப்பதற்கு முன், அந்த ஒரு வரியைப் போட்டாயா என்று மட்டும் கேட்டார்.

ஓனரிடம் சொல்லப் போனேன். எங்கள் இரண்டு வீட்டிலும் தெலுங்குதான். நல்ல நாளில் அவர் என்னிடம் பாதி தெலுங்கில் பேசுவார், வா போ என்பார். கோபம் வந்தால் சுத்தத் தமிழ், அதுவும் மரியாதையோடு. அன்றைக்கு நான் சொல்லி முடிக்கும் வரை பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, நான் ஒரு சுவிட்சுப் போட்டதுக்கு எல்லாமே போயிருமுங்களா?" என்றார். "மூணு மணிக்கு அவங்க வந்தா நான் என்னத்தைங்க காட்டறது?"

அந்த 'ங்க' ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சுவிட்ச் போட்டது அவர் தப்பில்லை, கட்டளை எழுதியது என் தப்பு என்றேன். நாசரண்ணன் வந்து முயற்சி செய்வார் என்றேன். முயற்சி என்ற சொல்லை அவர் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அங்கிருந்து டெஸ்ட் பெட்டுக்கு நடந்தேன். இருபது எட்டுதான் இருக்கும். அப்புசாமியண்ணன் தொட்டியின் விளிம்பில் காய்ந்துபோயிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணா, உங்கள் தாள் போய்விட்டது, நான்தான் போக்கடித்துவிட்டேன் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சட்டென்று அழுகிற ஆளில்லை. என் வீட்டுக்காரர் கேட்டால் சிரிப்பார். அன்று விசும்பி விசும்பி அழுதேன்.

அவர் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து என்னை உட்காரவைத்தார்.

"எனக்காக நீங்க அழுவாதீங்க அம்மணி. மிசின்தானுங்களே. முப்பது வருசமா இங்க கெடக்கறேன், எம்பேச்சை நம்பாமயா போயிருவாங்க?"

டீயும் இரண்டு வர்க்கி பிஸ்கட்டும் அவரே போய் வாங்கிவந்தார். குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றார். கோப்பு திரும்ப வர வாய்ப்பிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். நாசரண்ணன் சொன்னதைச் சொன்னேன். வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் மனதை விடாதீர்கள் என்றார். அந்தக் காலையில் என்னிடம் கோபப்படாத ஒரே ஆள், கோபப்பட எல்லா நியாயமும் உள்ள ஆள். இந்த மனுஷனுக்காக என்ன செய்தாலும் தகும் என்று அந்த ஸ்டூலிலேயே முடிவு செய்தேன்.

வரவேற்பறையைத் தாண்டித்தான் சர்வர் ரூமுக்குப் போக வேண்டும். அங்கே பச்சைச் சேலையில் ஒரு அம்மா, மடியில் ஒரு மஞ்சப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சென்னியப்பனின் மனைவி கருப்பாத்தாள். மூன்று மணிக் கூட்டத்துக்கு, பஸ் கிடைக்காமல் போய்விடப்போகிறது என்று ஒன்பதரைக்கே வந்துவிட்டார். யாராவது தண்ணீர் கொடுத்தார்களா என்று கேட்டேன். கொடுத்தார்களாம். போகத் திரும்பியவளைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கண்ணு, எங்கூட்டுக்காரரு ஒயரைத் தப்பா மாட்டிப்போட்டாருன்னு மோட்டாரு வித்த கடைக்காரரு ஊரெல்லாஞ் சொல்றாருங்க. அவரு ஆஸ்பத்திரில கெடந்துட்டு, தப்பா மாட்டிட்டனா, தப்பா மாட்டிட்டனான்னு என்னையவே கேக்கறாரு. இன்னைக்குத் தெரிஞ்சிருமுங்களா?"

தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டு ஓடிவந்தேன். வேறென்ன சொல்ல?

பதினொரு மணிக்கு ஓனர் என்னைக் கூப்பிட்டார். கோபம் கொஞ்சம் தணிந்து, கணக்குப் போடுகிற முகமாக இருந்தது. தாள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசித்திருந்தார். கம்ப்யூட்டர் கோளாறால் மொத்தப் பதிவும் போய்விட்டது, அதற்கு முழுக் காரணம் என்னுடைய கவனக்குறைவுதான் என்று நான் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால், அப்புசாமி பார்க்காமல் விட்டார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சந்தேகம் சந்தேகமாகவே நின்றுவிடும். உனக்கு வேலை இங்கே தொடருமா என்பதை அப்புறம் பார்க்கலாம் என்றார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நடந்ததைத்தானே எழுதப்போகிறேன்? அப்புசாமியண்ணன் தப்பித்தால் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாசரண்ணன் வந்தது பன்னிரண்டு மணிக்கு. வந்ததும் திட்டித் தீர்த்தார். அப்புறம் தன் லேப்டாப்பைத் திறந்து, ஒரு டிஸ்க்கை அவர் எடுத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் கொடுத்தார். படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது என்கிற விதமாக டிஸ்க்கை மாட்டி, மீட்கிற மென்பொருளை ஓட்டுவது அவர் முறை. வரைபடம், போட்டோ எல்லாம் பிறகு, சோதனைத் தாள் மாதிரியான சின்னக் கோப்புகளை மட்டும் முதலில் எடு என்று கட்டளையில் சொன்னார். எண்டர் தட்டுவதற்கு முன் நான் ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்து மூன்று தடவை படித்தேன். இவ்வளவு நாள் இல்லாத பயம் இப்போது வந்து என்ன பயன் என்று அவர் கேட்டார்.

ஒரு சதவீதம். இரண்டு. எட்டு வரை சீக்கிரம் போய், எட்டிலேயே இருபது நிமிடம் நின்றது. நான் நகத்தைக் கடித்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன். அப்புசாமியண்ணன் இரண்டு தடவை கதவோரம் வந்து, என்ன ஆச்சு என்று கேட்காமல் திரையையே பார்த்துவிட்டுப் போனார். பாவம், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலைகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்குக் கோப்புகள் வரத் தொடங்கின. பெயர் கிடையாது. எல்லாம் வெறும் எண்கள். எது எந்த மோட்டாரின் தாள் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். ஒன்றைத் திறந்தேன். மோட்டார் எண், தேதி, மெக்கர் அளவு, கீழே அப்புசாமியண்ணன் பெயர், எல்லாம் முத்து முத்தாக இருந்தது. இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் முழுசாக இருந்தது. நாசரண்ணன் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தாய் போ என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. இரண்டே கால் மணிக்கு என் டிஸ்க் நூறு சதவீதம் முடிந்தது. அவர் சாப்பிட வெளியே போனார்.

தனியாக உட்கார்ந்து தேடுகிற கட்டளையை அடித்தேன். எல்லாத் தாள்களுக்குள்ளும் 4418 என்ற எண்ணைத் தேடு. எண்டர்.

ஒன்றும் வரவில்லை.

எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று மறுபடி அடித்தேன். ஒன்றும் வரவில்லை. நாசரண்ணனின் லேப்டாப்பில் இன்னொரு டிஸ்க்கும் முடிந்திருந்தது. அதிலும் தேடினேன். இல்லை. அந்த ஒரு தாளின் மேல்தான் வேறு ஏதோ எழுதப்பட்டுச் செத்துவிட்டது என்று நினைத்து என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். பிறகு அந்த மோட்டார் எந்த நாள் பார்க்கப்பட்டிருக்க வேண்டுமோ, அந்த நாளின் தாள்களை மட்டும் பிரித்தெடுத்தேன். ஆகஸ்ட் இரண்டு. பதினேழு தாள்கள் வந்தன. அவற்றின் நடுவில் மோட்டார் எண்கள் 4416, 4417, 4419, 4420.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு வரிசை எண் இருக்கும். அதைப் போடுவது மனிதர் அல்ல, மென்பொருள். தாள் அடிக்க அடிக்க அது ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். நடுவில் ஒரு தாள் தொலைந்திருந்தால் அங்கே ஒரு எண் விட்டுப்போயிருக்க வேண்டும். 4417இன் தாளில் வரிசை எண் 20614. 4419இன் தாளில் 20615.

அடுத்தடுத்த நாள்களின் தாள்கள் வரை பார்த்தேன், எந்த எண்ணும் விட்டுப்போகவில்லை. தாள் தொலையவில்லை. அப்படி ஒரு தாள் அடிக்கப்படவே இல்லை.

உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தேன். காலையில் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. கோபமே இல்லாத அந்தக் குரல், டீ, வர்க்கி, வராவிட்டாலும் பரவாயில்லை என்றது. நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்து உருகிப்போனேனே. சீ என்று இருந்தது. அவர் மேலா என் மேலா என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டே முக்கால். போன் போட்டு அவரைக் கூப்பிட்டேன். வந்தார். நான் திரையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முப்பது வருடமாக அடிக்கிற தாள்.

"ஆடிப்பதினெட்டுக்கு மொத நாளுங்க," என்றார். "பவானி கூடுதுறைக்குப் போகோணும்னு ஊட்டுல எல்லாருங் கெளம்பி உக்காந்துட்டாங்க. லாரி வாசல்ல நிக்குது. எடமில்லாம நின்னது இந்த ஒரு மோட்டாருதான். தொட்டில போட்டா விடிய விடிய ஊறோணும். மத்தது பதினேழும் சுத்தமா இருந்துச்சு, இது மட்டும் என்ன ஆயிரப்போவுதுன்னு பாத்தாச்சுங்கற பச்சை ஸ்டிக்கரை ஒட்டி உட்டுப்போட்டேனுங்க."

அப்புறம் ஏன் தாள் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னீர்கள் என்று கேட்டேன். முதல் நாள் பயத்தில் சொல்லிவிட்டாராம். சொன்ன பிறகு திருப்பி எடுக்க முடியவில்லையாம்.

"காலைல நீங்க வந்து எல்லாம் போச்சுன்னு அழுதீங்கல்லங்க அம்மணி. அப்ப நான் மனசுக்குள்ள சாமி கும்பிட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் அழுகையில் குளிர் காய்ந்திருக்கிறீர்கள் என்று கத்த வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அது தப்பித்துக்கொண்ட ஆளின் முகமாக இல்லை. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் கடிதம் ஓனரின் மேசை மேல் தயாராக இருந்தது. கிடைக்கவில்லை என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், எல்லோரும் நம்புவார்கள், ஏனென்றால் காலையிலிருந்து எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பதே அதைத்தான். பதினேழு தாளையும் மறுபடி அழிக்க எனக்கு ஒரு வரி போதும். விரல் தானாகவே விசைப்பலகை மேல் போய் உட்கார்ந்தது. அந்த விரலைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

தப்பா மாட்டிட்டனா, தப்பா மாட்டிட்டனா என்று ஒருவர் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

பிரிண்ட் கொடுத்தேன். பதினேழு தாள்களையும், அவற்றின் மோட்டார் எண்கள் வரிசையாக இருக்கும் ஒரு பட்டியலையும். பிரிண்டர் ஒவ்வொன்றாகத் துப்பிக்கொண்டிருந்தபோது அப்புசாமியண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும், நீங்கள் சொல்லுகிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். என் பின்னாலேயே நடந்து வந்தார்.

கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரிகள் இரண்டு பேர் ஒரு பக்கம். ஓரத்து நாற்காலியில் நுனியில் கருப்பாத்தாள். ஓனரின் கையில் என் கடிதம். நான் தாள்களோடு நுழைந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கடிதத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"கிடைச்சிருச்சா கண்ணு?"

கிடைத்துவிட்டது என்றேன். அதிகாரி கை நீட்டினார். நான் கொடுப்பதற்குள் அப்புசாமியண்ணன் என் கையிலிருந்து தாள்களை வாங்கிக்கொண்டார். பட்டியலை மட்டும் உருவி, மேசையைச் சுற்றிப் போய்க் கருப்பாத்தாளின் முன் வைத்தார். ஏன் அங்கே வைக்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. அந்த அம்மாவுக்கும்தான். ஆனால் தங்கள் மோட்டாரின் எண் அவருக்கு மனப்பாடம். ஆட்காட்டி விரலை வைத்து மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கினார். ஒரு இடத்தில் நின்று, மறுபடி மேலே போய், மறுபடி இறங்கினார்.

"எங்களுது இதுல இல்லீங்களே," என்றார்.

"இல்லீங்கம்மா. நான் அதைய டெஸ்டே பண்ணலீங்க. பாக்காமயே அனுப்பிப்போட்டேன். தப்பு எங்க பக்கந்தானுங்க, உங்கூட்டுக்காரரு மேல இல்லீங்க."

ஓனர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார். அதிகாரி தன் குறிப்பேட்டைத் திறந்தார். கருப்பாத்தாள் அப்புசாமியண்ணனைத் திட்டுவார் என்று நினைத்தேன். எனக்குப் பயமாகக்கூட இருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. மஞ்சப்பைக்குள் கையை விட்டுத் துழாவிப் போனை எடுத்தார். பட்டன் போன். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாம் தடவை காதில் வைத்தார்.

"ஏனுங்க, தூங்கறீங்களா? நீங்க ஒயரைச் சரியாத்தான் மாட்டியிருக்கறீங்களாமாங்க," என்றார். "ஆமாங்க. இங்கயே சொல்லிட்டாங்க."